சீல் மூன்று தடவை போனது பம்பின் குற்றமில்லை: குளிர்நீர்த் தாங்கி பற்றி ஒரு நீண்ட பதில்

தம்பி, உங்கள் கேள்வியை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரத்மலானையில் பிளாஸ்டிக் வார்க்கும் தொழிற்சாலை. ஆறு இன்ஜெக்ஷன் மெஷின்கள். கூரையில் கூலிங் டவர், கீழே மணிக்கு 60 கன மீற்றர் தள்ளும் பம்ப், அதன் பக்கத்தில் 1000 லீற்றர் கறுப்பு பிளாஸ்டிக் தாங்கி. பம்ப் தாங்கித் தண்ணீரை மெஷின்கள் வழியாகக் கூரைக்குத் தள்ளும், சூடேறிய தண்ணீர் டவரில் ஆறித் திரும்பத் தாங்கிக்கு இறங்கும். எட்டு மாதத்தில் மூன்று தடவை மெக்கானிக்கல் சீல், அதாவது பம்பின் தண்டு வழியாகத் தண்ணீர் கசியாமல் தடுக்கும் வளையச் சோடி, போய்விட்டது. முதலாளி முற்றத்தைத் தோண்டி நிலத்துக்குக் கீழே ஒரு கொங்கிறீற் தாங்கி கட்டுவோம் என்கிறார். எப்படிக் கட்டுவது, எப்படி ஓட்டுவது, எப்படிப் பராமரிப்பது என்று கேட்கிறீர்கள்.

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபத்தெட்டு வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். இத்தனை வருடத்தில் நான் திறந்து பார்த்த பழுதான பம்புகளில் பெரும்பாலானவை பம்பால் பழுதாகவில்லை. தாங்கியால் பழுதானவை. பம்பை வாங்க மூன்று கடையில் விலை கேட்கிறோம், பட்டியலைப் புரட்டிப் பார்க்கிறோம். தாங்கியை மட்டும் மிச்சமிருக்கிற இடத்தில், மிச்சமிருக்கிற காசில் வைக்கிறோம். உங்கள் கதையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கன மீற்றர் என்றால் நிமிடத்துக்கு 1000 லீற்றர். உங்கள் தாங்கியில் இருப்பது ஒரே ஒரு நிமிடத் தண்ணீர். சாப்பாட்டு நேரத்தில் பம்பை நிறுத்துகிறீர்கள். அப்போது டவரில் நின்ற தண்ணீர் ஒரு 300, 400 லீற்றர் கீழே இறங்கும். கூரையிலிருந்து வரும் 150 மில்லிமீற்றர் குழாய் பாதி நிறைந்து ஓடினாலும் 25 மீற்றர் நீளத்தில் ஏறக்குறைய 220 லீற்றர் இருக்கும். பம்புக்குப் பிறகு உள்ள திருப்பி விடாத வால்வு கசிந்தால், 80 மீற்றர் டெலிவரி குழாயின் 600 லீற்றரும் சேர்ந்து வரும். 100 மில்லிமீற்றர் குழாயில் மீற்றருக்கு 8 லீற்றர் அளவில் நிற்கும், அந்தக் கணக்கு இது. எல்லாம் கூட்டினால் 1200 லீற்றர் வரை. உங்கள் தாங்கியே 1000 லீற்றர்தான். மேலால் வழிந்து கானுக்குப் போய்விடும்.

சாப்பாடு முடிந்து பம்பைப் போடுகிறீர்கள். வழிந்து போன தண்ணீர் இப்போது இல்லை. வெறும் குழாயையும் டவரையும் நிரப்பப் பம்ப் நிமிடத்துக்கு 1000 லீற்றர் இழுக்கிறது, மிதவை வால்வு வழியாக வரும் முக்கால் அங்குலக் குழாய் அதற்கு ஈடு கொடுக்காது. மட்டம் இறங்குகிறது, சுழி விழுகிறது, காற்று உள்ளே போகிறது. மெக்கானிக்கல் சீலின் இரண்டு முகங்களுக்கு நடுவில் இருக்க வேண்டிய மெல்லிய தண்ணீர்ப் படலம் காய்ந்துவிடுகிறது. அரை நிமிடம் போதும் அந்த முகம் சூடேறி வெடிப்பதற்கு. ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் எந்த நாட்டுச் சீலும் எட்டு மாதம் தாங்காது. நாளைக்கே சாப்பாட்டு நேரம் முடிந்து பம்பைப் போடும்போது தாங்கி மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். நான் சொன்னது கண்முன் நடக்கும்.

ஆகவே முதல் வேலை, தாங்கியின் கொள்ளளவை ஒழுங்காகக் கணக்கிடுவது. பம்ப் ஐந்து நிமிடம் இழுக்கும் தண்ணீராவது பயன்படுத்தக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்பது என் வழக்கம். உங்களுக்கு அது 5 கன மீற்றர். அதற்கு மேலே, பம்ப் நின்றவுடன் இறங்கி வரும் 1.2 கன மீற்றருக்கு இடம் வேண்டும். அதற்கும் மேலே வழியாமல் இருக்க ஓர் அடி வெற்றிடம். எல்லோரும் மறந்து போவது கீழே உள்ள இடத்தை: சக்ஷன் வாய், அதாவது பம்ப் தண்ணீரை இழுக்கும் குழாயின் நுனி, தண்ணீருக்குள் மூழ்கி இருக்க வேண்டிய ஆழம். அந்தத் தண்ணீர் தாங்கியில் இருக்கும், ஆனால் அதைத் தொடக் கூடாது. அடித்தளம் 3 மீற்றருக்கு 2 மீற்றர் என்று வையுங்கள். அடியில் அரை மீற்றர் தொடாத தண்ணீர், அதன் மேல் 83 சென்ரிமீற்றர் ஓட்டத்துக்கு, 20 சென்ரிமீற்றர் திரும்பி வருவதற்கு, 30 வெற்றிடம். கூட்டினால் 1.83 மீற்றர். 2 மீற்றர் உயரம் வைத்தால் சரி. 12 கன மீற்றர்த் தாங்கி. இப்போது உள்ளதைப் போல் பன்னிரண்டு மடங்கு.

அந்த அரை மீற்றரை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்பீர்கள். 125 மில்லிமீற்றர் குழாய் வெறும் வாயோடு இருந்தால் 60 கன மீற்றர் அதில் விநாடிக்கு 1.36 மீற்றர் வேகத்தில் நுழையும். அந்த வேகத்தில் சுழி விழாமல் இருக்க வாய்க்கு மேல் 48 சென்ரிமீற்றர் தண்ணீர் வேண்டும். வாயை 200 மில்லிமீற்றராக விரித்து மணி வடிவில் வைத்தால் நுழையும் வேகம் அரை மீற்றராகக் குறையும், 37 சென்ரிமீற்றர் போதும். ஒரு விரிவாய் செய்ய லேத் பட்டறையில் ஆகும் செலவு ஒரு சீலின் விலையைவிடக் குறைவு. வாய்க்கும் தரைக்கும் நடுவில் 10 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். தரையோடு ஒட்ட வைத்தால் சேறெல்லாம் பம்புக்குள் போகும்.

இனி முதலாளியின் நிலக்கீழ்த் தாங்கி. தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். காரணம் மூன்று, முதலாவது எல்லாவற்றிலும் பெரியது.

கொழும்புக் கரையோரத்தில் மழைக்காலத்தில் இரண்டடி தோண்டினாலே பல இடங்களில் தண்ணீர் ஊறும். நான் சொன்ன 3க்கு 2க்கு 2 தாங்கியை 20 சென்ரிமீற்றர்ச் சுவரும் அடித்தளமுமாகக் கட்டினால் வெளி அளவு 3.4க்கு 2.4க்கு 2.2 மீற்றர் வரும். கொங்கிறீற் மட்டும் 6 கன மீற்றர், எடை 14 தொன்னுக்குச் சற்று மேல். நிலத்தடி நீர் விளிம்பு வரை ஏறினால் அது இந்தப் பெட்டியை மேலே தள்ளும் விசை 18 தொன். உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும் வரை பயமில்லை. கழுவுவதற்காக ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு நாள் வெறுமையாக்கிப் பாருங்கள், தாங்கி படகு மாதிரி மிதக்கப் பார்க்கும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் இது நடந்தது. தாங்கியின் ஒரு மூலை நாலு அங்குலம் எழும்பி, அதோடு பொருத்தியிருந்த குழாயெல்லாம் முறிந்து, அந்த வாரம் முழுக்க ஒரு மெஷின்கூட ஓடவில்லை. கட்டிய மேசன் பாஸைத் திட்டினார்கள். அவர் சொன்ன அளவுக்குச் சொன்னபடி கட்டியிருந்தார். வெறுமைத் தாங்கிக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

இரண்டாவது வெள்ளம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கமெல்லாம் மூழ்கியபோது நிலமட்டத்துக்குக் கீழே இருந்த தாங்கிகளுக்குள் என்னவெல்லாம் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரத்மலானை களனிக் கரையில் இல்லைதான். ஆனால் ஒரு மணி நேர மழைக்கே கான் நிரம்பி வீதியில் ஓடும் இடங்கள் உங்கள் பக்கமும் உண்டு.

மூன்றாவது, பம்ப் மேலேயும் தண்ணீர் கீழேயும் இருந்தால் பம்ப் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்குக் குழாயின் அடி நுனியில் தண்ணீரைத் திரும்ப இறங்க விடாத ஃபூட் வால்வு வேண்டும், அது ஒரு சின்னக் குப்பையில் சிக்கினாலும் கசியும், பம்ப் வெறுமையாகும், ஒவ்வொரு காலையும் வாளியால் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். உங்களிடம் டவர் கூரையில் இருக்கிறது. தண்ணீர் தன் எடையாலேயே இறங்கி வருகிறது. இரண்டு மீற்றர் உயரத் தாங்கியை நிலத்தின் மேலேயே வைத்தாலும் அது சிரமமில்லாமல் வந்து விழும். அப்படி வைத்தால் பம்பின் வாய் எப்போதும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும், ஃபூட் வால்வே தேவையில்லை. இயற்கை இலவசமாகத் தரும் வசதியை மண்ணைத் தோண்டி ஏன் இழக்க வேண்டும்?

முற்றத்தில் இடம் போகும் என்பது முதலாளியின் கவலை. 6 சதுர மீற்றர் போகும், உண்மை. ஒரு லொறி நிற்கிற இடத்தில் பாதிக்கும் குறைவு. தாங்கி நிற்கும் தளத்துக்குச் சதுர மீற்றருக்கு 2 தொன் பாரம் வரும் என்பதை மட்டும் கட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொருளைப் பொறுத்தவரை, பைபர் பலகைகளைப் போல்ட் போட்டு இணைக்கும் தாங்கியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குள் இருக்கும் உங்கள் இடத்தில் உப்புக் காற்று இரும்புத் தாங்கியைச் சும்மா விடாது. எபொக்சி பூசினாலும் வெல்டிங் ஓரங்களில் தொடங்கிவிடும். பலகைகளைச் சேர்க்கும் போல்ட்டுகள் 316 தரத்து எவர்சில்வரில் இருக்கட்டும். கொங்கிறீற்றிலேயே கட்டுவதென்றால் பூச்சு வேலைக்கு முன்பே நீர்ச் சோதனை செய்யுங்கள். நிரப்பி ஏழு நாளாவது ஊற விட்டு, அடுத்த ஏழு நாளில் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பதுதான் பிஎஸ் 8007 என்ற பழைய பிரித்தானியத் தரம் சொன்ன முறை. ஆவியாவதைக் கழித்த பிறகு, நீராழத்தின் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கக் கூடாது. 2 மீற்றருக்கு அது 4 மில்லிமீற்றர். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தால் ஆவியாவது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

தாங்கிக்குள் இரண்டு விஷயம். கூரையிலிருந்து இறங்கும் குழாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே விட்டு அருவி மாதிரி விழ வைக்காதீர்கள். விழும் தண்ணீர் குமிழிகளை ஆழத்துக்கு இழுத்துப் போகும், அவை அப்படியே பம்புக்குள் போகும். நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு காற்று கலந்தாலே அழுத்தம் தளரத் தொடங்கிவிடும். குழாயின் நுனியை மட்டத்துக்குக் கீழே அமிழ்த்தி, சக்ஷனுக்கு எதிர்ச் சுவர்ப் பக்கமாக வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் தாங்கியின் குறுக்கே ஒரு தடுப்புப் பலகை, அடியில் மட்டும் வழி விட்டு. குமிழிகள் மேலே போகவும் டவரிலிருந்து வரும் பாசியும் இலையும் ஒரு பக்கமாய்த் தங்கவும் அது போதும். தடுப்புக்கு அப்பால் கழற்றிக் கழுவக்கூடிய ஒரு வலைத் தட்டு. ஒன்று போதாது, இரண்டு வேண்டும், ஒன்றைத் தூக்கும்போது மற்றது இறங்கியிருக்க வேண்டும். கூரையில் காகம் கூடு கட்டினால் குச்சி முழுக்க இங்கேதான் வந்து சேரும்.

பம்பைப் பொருத்தும் விஷயத்துக்கு வருவோம். அடித்தளக் கட்டையின் எடை பம்பும் மோட்டரும் சேர்ந்த எடையைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். அடித்தட்டை மட்டம் பார்க்கும் கருவி வைத்துச் சமப்படுத்திச் சுருங்காத கிரவுட் என்ற சீமெந்துக் கலவையை ஊற்றிக் காய விடுங்கள். குழாயைப் பம்பிடம் கொண்டுவர வேண்டும், பம்பைக் குழாயிடம் இழுக்கக் கூடாது. போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டுகளான பிளேன்ஜ்கள் இரண்டும் கையால் தள்ளினாலே பொருந்த வேண்டும். கிறோபார் போட்டு இழுத்து போல்ட் மாட்டினால் அந்த இழுவை பம்பின் வெளிக்கூடான கேசிங்கை வளைத்து, தண்டை வளைத்து, கடைசியில் சீலிலும் பெயரிங்கிலும் வந்து நிற்கும். மோட்டர்த் தண்டையும் பம்புத் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கை நேர்பார்ப்பதைக் குழாய் மாட்டும் முன் ஒரு தடவை, மாட்டிய பின் ஒரு தடவை, ஒரு நாள் ஓடிச் சூடேறிய பின் இன்னொரு தடவை செய்யுங்கள். டயல் கேஜில் 0.05 மில்லிமீற்றருக்குள் வர வேண்டும். கண்ணால் பார்த்துச் சரி என்பவரை நம்ப வேண்டாம், எவ்வளவு அனுபவம் இருந்தாலும்.

சக்ஷன் குழாயில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 125 குழாயைப் பம்பின் சின்ன வாய்க்குக் குறைக்கும்போது நடுவொத்த ரெடியூசர் போட்டால் மேல் பக்கத்தில் காற்று தங்க ஒரு மூலை உண்டாகும். ஒரு பக்கம் தட்டையான ரெடியூசரை, தட்டைப் பக்கம் மேலே இருக்கும்படி போடுங்கள். பம்பின் வாய்க்கு முன்னால் எல்போ வேண்டாம், குழாயின் விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு நேர் நீளம் விடுங்கள். டெலிவரியில் திருப்பி விடாத வால்வு முதலில், மூடும் வால்வு அடுத்து. இரு பக்கமும் அழுத்தமானி. அழுத்தமானி இல்லாத பம்பைப் பார்த்தால், காய்ச்சல்மானி இல்லாத வைத்தியரைப் பார்த்த மாதிரி எனக்கு இருக்கும்.

மோட்டர் எவ்வளவு வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். 60 கன மீற்றரை 30 மீற்றர் உயரத்துக்குத் தள்ளத் தண்ணீருக்கே 4.9 கிலோவாற் வேண்டும். பம்பின் திறன் நூற்றுக்கு 70 என்றால் தண்டில் 7 கிலோவாற். 7.5 மோட்டர் விளிம்பில் நிற்கும், 11 போடுங்கள்.

மின்சாரம். இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நாட்டில் பம்புகள் சாவதற்கு இது ஒரு தனிக் காரணம். மூன்று பேஸில் இரண்டு இடம் மாறினால் மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும். மையவிலகு பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் தண்ணீரை அதே பக்கம்தான் தள்ளும், குறைந்த அழுத்தத்தில். அதனால் யாருக்கும் தெரியாது. மெஷின் சூடாகிறது, டவர் சரியில்லை என்பார்கள், டவரைக் கழுவுவார்கள். வெளியே லைன் திருத்தியபின், அல்லது ஜெனரேட்டரைப் புதிதாய் இணைத்தபின் இப்படி நடக்கும். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம், இம்பெல்லர், திருகி மாட்டிய வகையாக இருந்தால் கழன்று கேசிங்கை அறைந்துவிடும். பேஸ் வரிசை மாறினால் ஓட விடாத ரிலே ஒன்று பெட்டியில் கட்டாயம் இருக்கட்டும். கூடவே தாங்கியில் தாழ்மட்ட மிதவைச் சுவிட்ச். தொடாத தண்ணீர் என்று சொன்ன அந்த அரை மீற்றருக்குச் சற்று மேலே அது பம்பை வெட்ட வேண்டும். இந்த ஒன்று முன்பே இருந்திருந்தால் உங்கள் மூன்று சீலும் பிழைத்திருக்கும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் பம்புகள் ஒரு நாளில் அத்தனை தடவை நின்று ஓடின. ஒவ்வொரு திடீர் நிறுத்தத்திலும் மேலே போய்க்கொண்டிருந்த தண்ணீர்த் தூண் திரும்பி வந்து திருப்பி விடாத வால்வை அடிக்கும். அந்த "டொம்" சத்தம் கேட்டால் விட்டுவிடாதீர்கள். தட்டு ஊஞ்சல் மாதிரி ஆடும் பழைய வகைக்குப் பதிலாக, ஸ்பிரிங் போட்டுச் சீக்கிரம் மூடும் வகையைப் போட்டால் சத்தம் அடங்கும். மின்சாரம் திரும்பியதும் பம்ப் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. ஓர் ஆள் வந்து, மட்டம் பார்த்து, போட வேண்டும்.

போடும் முறை இதுதான். தாங்கி மட்டம் பாருங்கள். சக்ஷன் வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அதை ஒருபோதும் பாதி மூடி ஓட்டக் கூடாது. கேசிங்கின் காற்றுத் திருகைத் திறந்து தண்ணீர் வரும்வரை விடுங்கள். டெலிவரி வால்வை ஏறக்குறைய மூடி வைத்துப் பம்பைப் போட்டு, அழுத்தம் ஏறியதும் மெதுவாகத் திறவுங்கள். மூடியபடி ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள், உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாகிவிடும். திறக்கும்போது அம்பியரைப் பாருங்கள். புதிதாய்ப் பொருத்திய அன்று இரண்டு அழுத்தமும் அம்பியரும் எவ்வளவு என்று ஒரு அட்டையில் எழுதிப் பம்புக்குப் பக்கத்தில் தொங்க விடுங்கள். பின்னாளில் வரும் எந்த நோயையும் கண்டுபிடிக்க அந்த மூன்று எண்கள் போதும். டெலிவரி அழுத்தமும் அம்பியரும் சேர்ந்து இறங்கி, சக்ஷன் அழுத்தமும் இறங்கினால் வலைத் தட்டு அடைபட்டிருக்கிறது. டெலிவரி அழுத்தம் ஏறி அம்பியர் இறங்கினால் அப்பால் எங்கோ வால்வு மூடியிருக்கிறது அல்லது மெஷினின் நீர்வழி அடைபட்டிருக்கிறது. ஊசி நின்ற இடத்தில் நிற்காமல் துடித்தால் காற்று. கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரிச் சத்தம் வந்தால், பம்பின் வாயில் அழுத்தம் போதாமல் தண்ணீர் குமிழி விட்டு வெடிக்கிறது என்று அர்த்தம். அது இம்பெல்லரைத் தின்னும்.

இன்னொரு பம்ப் காத்திருக்க இடம் விடுங்கள், இப்போது வாங்காவிட்டாலும். வாங்கினால் வாரத்துக்கு ஒன்று மாற்றி ஓட்டுங்கள். ஓடாமல் நிற்கும் பம்பின் பெயரிங் ஒரே இடத்தில் பாரம் தாங்கிப் பள்ளம் விழும், சீல் ஒட்டிக்கொள்ளும். இரவு ஷிப்டில் மூன்று மெஷின்தான் ஓடுகிறது என்றீர்கள், அப்படியானால் வேகம் மாற்றும் டிரைவ் ஒன்று யோசிக்கத் தக்கது. 50 ஹேர்ட்ஸை 40 ஆக்கினால் ஓட்டம் நூற்றுக்கு 80 ஆகும், மின்சாரம் பாதியாகும். ஆனால் டவர் கூரையில் இருப்பதால் அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று முதலில் சோதியுங்கள்.

தண்ணீர் பற்றி. 60 கன மீற்றர் 5 பாகை சூடேறித் திரும்புகிறது என்றால் அது 350 கிலோவாற் வெப்பம். அதை வெளியேற்ற டவரில் மணிக்கு ஏறக்குறைய 500 லீற்றர் ஆவியாகும். ஆவி மட்டும் போகும், உப்பு தாங்கியிலேயே தங்கும். நாலு மடங்கு செறிவு வரை விடலாம் என்று வைத்தால், மணிக்கு 170 லீற்றரைத் திறந்து வெளியேற்ற வேண்டும். மொத்தத்தில் மணிக்கு 670 லீற்றர் புதுத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் வெட்டுப்பட்டால் 5 கன மீற்றர் ஏழு மணி நேரம் தாங்கும். வெளியேற்றும் வால்வை மூடிவிட்டால் பத்து மணி நேரம். அதற்குள் பௌசருக்குச் சொல்லிவிடலாம். வெளியேற்றும் தண்ணீர் எங்கே போகலாம் என்பது உங்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தில் எழுதியிருக்கும், அதன்படி செய்யுங்கள்.

களனி, களு கங்கைகளிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் மென்மையானது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் மாதிரிச் சுண்ணாம்பு படியாது. படியாதது நல்லதுதான், ஆனால் மென்மையான தண்ணீர் இரும்பை அரிக்கும். அதனால் இங்கே படிவுக்கு மருந்து வாங்குவதைவிட அரிப்புக்கு மருந்து வாங்குவது முக்கியம். காசை மிச்சம் பிடிக்கத் தொழிற்சாலைக் கிணற்றிலிருந்து தண்ணீர் விடுவதாக எழுதியிருந்தீர்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அதைச் சோதிக்காமல் விடாதீர்கள். குளோரைட்டு லீற்றருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் 304 தரத்து எவர்சில்வரில் ஊசிக் குத்து மாதிரி ஓட்டை விழத் தொடங்கும். நாலு மடங்கு செறிவு என்றால் கிணற்றில் 50 இருந்தாலே தாங்கியில் 200 ஆகிவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, நம்மவர்கள் அதைப் பேசுவதே இல்லை. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடியவர்களிடையே பரவிய நிமோனியாவில்தான் லீஜியனெல்லா என்ற பக்டீரியா உலகத்துக்குத் தெரிய வந்தது. கூலிங் டவரிலிருந்து பறக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுத்தால் வரும் நோய் அது. 20 முதல் 45 பாகை வரை அது வளரும். கொழும்பின் ஈரப்பதத்தில் உங்கள் தாங்கித் தண்ணீர் வருடம் முழுக்க 30 பாகையை ஒட்டித்தான் நிற்கும். அதற்கு அதைவிட வசதியான வீடு இல்லை. பாசியும் வழுவழுப்பும் தேங்கிய சேறும்தான் அதன் உணவும் மறைவிடமும். குளோரின் லீற்றருக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம் வரை எப்போதும் நிற்கட்டும், பிஎச் 8க்கு மேல் போனால் குளோரின் வேகம் இழக்கும். நீச்சல் தடாகங்களுக்கு விற்கும் சோதனைப் பெட்டி போதும், நாளுக்கு ஒரு தடவை பாருங்கள். டவரின் துளிதடுப்புத் தகடுகள் உடைந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். கூரையில் தேநீர் குடிக்கப் போகிற பொடியன்களை வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.

கழுவுவது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. கழுவும் முன் குளோரினை 5 மில்லிகிராமுக்கு ஏற்றி ஐந்து மணி நேரம் சுற்ற விடுங்கள், பிறகுதான் சேற்றைக் கிளற வேண்டும். அதைச் செய்யும் ஆளுக்குத் துணிக் கவசம் போதாது, துகள் வடிக்கும் முகக் கவசம் கொடுங்கள். குளோரின் போட்ட தண்ணீரில் படிவு எடுக்கும் அசிட்டைக் கலக்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். இந்த இரண்டின் கலன்களும் ஒரே அறையில்கூட இருக்க வேண்டாம்.

தாங்கிக்குள் இறங்குவதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை கனக்கிறது. மூடிய தாங்கி, சேறு அழுகியிருக்கும், ஒட்சிசன் குறைந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முதலாமவர் இறங்கி மயங்குவார், காப்பாற்ற இரண்டாமவர் குதிப்பார், இருவரும் போவார்கள். நம் நாட்டில் கிணறு இறைக்கப் போய் இப்படி இறந்தவர்களின் செய்தியை எத்தனை தடவை வாசித்திருக்கிறோம். மூடிகளை முதல் நாளே திறந்து, காற்றாடியால் உள்ளே காற்று ஊதி, மானியில் ஒட்சிசன் நூற்றுக்கு 19.5க்குக் குறையாமல் இருக்கிறது என்று பார்த்தபின்தான் ஓர் ஆள் இறங்கலாம். மேலே ஓர் ஆள் கயிற்றைப் பிடித்தபடி நிற்க வேண்டும், அவருக்கு வேறு வேலை இல்லை, தொலைபேசியும் இல்லை. பெற்றோல் இயந்திரம் பூட்டிய பம்பைத் தாங்கிக்குள் இறக்கவே கூடாது. பம்பின் மின்சுவிட்சைப் பூட்டி, சாவி இறங்குகிறவரின் பையில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றைச் செய்ய நேரமில்லை என்றால் அன்றைக்குக் கழுவ வேண்டாம். நிலத்துக்கு மேலே வைக்கும் தாங்கியில் பக்கவாட்டில் ஆள் நுழையும் கதவு வைக்க முடியும் என்பது நிலக்கீழ்த் தாங்கி வேண்டாம் என்பதற்கு நாலாவது காரணம். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு வாரம், பத்து நாள் மூடுவீர்கள் அல்லவா? அசையாத தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டுப் பறக்க அந்த ஒரு வாரம் போதும். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்கும் வரும், சுகாதாரப் பரிசோதகர்கள் தொழிற்சாலைகளுக்கும் வருகிறார்கள். 2017இல் இந்த நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குவில் விழுந்த வருடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூடிகள் இறுக்கமாக, வழியும் குழாயின் வாயிலும் காற்றுக் குழாயின் வாயிலும் நுளம்பு வலை. லீவில் காவலாளியிடம் சொல்லி, இரண்டு நாளைக்கு ஒரு தடவை அரை மணி நேரம் பம்பை ஓட விட்டுக் குளோரின் போடச் சொல்லுங்கள். அதே அரை மணி நேரம் லீஜியனெல்லாவுக்கும் மருந்து.

புதுத் தாங்கி வர இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 2000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி இரண்டை இப்போதுள்ளதன் பக்கத்தில் வைத்து, அடியில் 150 மில்லிமீற்றர் குழாயால் இணையுங்கள். 50 குழாயால் இணைத்தால் பயனில்லை, பம்ப் இழுக்கும் வேகத்துக்குத் தண்ணீர் குறுக்கே வந்து சேராது. தாழ்மட்டச் சுவிட்சை இந்த வாரமே போடுங்கள். திருப்பி விடாத வால்வைக் கழற்றித் தட்டின் ரப்பரைப் பாருங்கள். வேண்டிய சாமான்கள் கொழும்பு பழைய சோனகத் தெருவிலேயே கிடைக்கும், பழைய துண்டைக் கையில் கொண்டு போங்கள்.

கடைசியாகக் கழற்றிய சீலை எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதன் கடினமான வளையத்தின் முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து வெளியே நோக்கிச் சக்கரத்தின் ஆரைக்கால்கள் மாதிரி மெல்லிய வெடிப்புக் கோடுகள் இருந்தால், காய்ந்து ஓடியதுதான், மேலே சொன்னதெல்லாம் உங்களுக்குப் பொருந்தும். கோடுகள் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகத் தேய்ந்திருந்தால் தண்டு நேராக இல்லை, கப்ளிங்கிலிருந்து தொடங்க வேண்டும். வட்ட வட்டமாகக் கீறல்கள் இருந்தால் மண் போயிருக்கிறது. எதுவென்று படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.